சூளை நிறுத்தத்தில் யாரும் ஏறுவதில்லை

எங்கள் டெப்போவில் அவளை எல்லாரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் விசில் தொங்கும்; அதை அவள் ஊதி நான் பார்த்ததில்லை. நாக்கை மடித்து வாயாலேயே சீட்டி அடிப்பாள். ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் எடு. சீட்டில் தூங்குகிறவன் தூக்கிவாரிப்போட்டு எழுந்து, தன் இடம் தாண்டிவிட்டதோ என்று ஜன்னலில் எட்டிப் பார்ப்பான். ஏழு வருடம் அந்தச் சீட்டிக்கு நான் பஸ் ஓட்டினேன். ஓய்வு பெற்று இப்போது நாலு மாதம் ஆகிறது. அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால், என்னைப் பற்றிய கெட்ட வார்த்தைகள்தான் முந்திக்கொண்டு வருகின்றன. வரட்டும்.

ஆள் குள்ளம். மேல்கம்பி கைக்கு எட்டாது. அதனால் நடுவில் இருக்கும் கம்பத்தில் முதுகைச் சாய்த்து, காலை அகட்டி நின்றபடி டிக்கெட் கொடுப்பாள். நான் எப்படி பிரேக் போட்டாலும் விழ மாட்டாள். கண்டக்டர் வேலைக்கு வருவதற்கு முன் பத்து வருடம் ஒரு ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே துணி எடுத்துப் போட்டவள். "அங்க நின்ன இடத்துலயே நின்னேன், இங்க நின்னுக்கிட்டே ஊரைச் சுத்துறேன், இது பரவாயில்லைண்ணே" என்பாள். கணவர் வீட்டிலேயே மிக்ஸி, மின்விசிறி பழுது பார்க்கிறவர். ஒரே மகள், பத்தாவது படித்தாள். ஒரு டயர் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறையில் குடித்தனம். அவள் சீருடையை எத்தனை தடவை துவைத்தாலும் லேசாக ரப்பர் வாசனை இருக்கும்.

அவளிடம் ஒரு வித்தை உண்டு. கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும், தலை எண்ணிக்கையைச் சொல்லிவிடுவாள். ஒரு தடவை பரிசோதகர் ஏறி, "எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேட்டார். "நாப்பத்தேழு சார். பின்னாடி அந்தம்மாவுக்கு ஒன்பதாவது மாசம், அதைச் சேத்தா நாப்பத்தெட்டு" என்றாள். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். எண்ணிக்கை மட்டுமில்லை, ஆட்களையும் தெரியும். யாருக்கு முட்டி வலி, யாருக்கு மருமகளோடு பேச்சு இல்லை, யார் இன்றைக்கு வராததற்கு என்ன காரணம் என்று எல்லாம் சொல்வாள். எனக்கு ஏழு வருடத்தில் பயணிகளின் பெயர்கூடத் தெரியாது. கண்ணாடியில் தெரியும் முகங்களோடு சரி.

எங்கள் தடம் பஸ் நிலையத்தில் தொடங்கி மார்க்கெட், சூளை, தண்ணீர்த் தொட்டி வழியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும். சூளைக்கு மட்டும் பெரிய சாலையை விட்டு உள்ளே திரும்பி ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். அங்கே ஒரு காலத்தில் செங்கல் சுட்டார்கள். சுட்டது போதும் என்று முதலாளி கிளம்பிவிட்டார். வேலை செய்தவர்கள் போக இடமில்லாமல் அங்கேயே வீடு கட்டிக்கொண்டார்கள். அந்தப் பக்கம் ஒரு நாளைக்கு இரண்டே நடைதான். காலை ஆறே முக்காலுக்கு அவர்களை ஏற்றிப் போவது ஒன்று, மதியம் கொண்டுவந்து விடுவது ஒன்று. இரண்டும் எங்கள் வண்டி.

காலையில் அங்கே இருபத்திரண்டு பேர் ஏறுவார்கள். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிறவர்கள், வார்டு ஆயாக்கள், பக்கத்து அடுக்குமாடிகளில் வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள். வாரத்தில் மூன்று நாள் மட்டும் இருபத்துநான்கு. அந்த இரண்டு பேர் ரேடியோக்காரரும் அவர் மனைவியும். அவர் ஒரு காலத்தில் ரேடியோ பழுது பார்த்தவர், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. டயாலிசிஸ் செய்ய அவருக்கு ஆஸ்பத்திரியில் ஏழரை மணிக்குப் படுக்கை ஒதுக்கியிருந்தார்கள். அந்த மூன்று நாளும் விசில் மார்க்கெட்டிலேயே என் சீட்டுக்குப் பின்னால் தன் பையைப் போட்டு இடம் பிடித்துவிடுவாள். யாராவது உட்காரப் போனால், "அது பேஷண்ட் சீட்டு, உங்களுக்கு என்ன வியாதி?" என்று கேட்பாள்.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்னால் புதுக் கருவிகள் வந்தன. வண்டி எங்கே இருக்கிறது என்று கட்டுப்பாட்டு அறையில் பார்க்கலாம். பெரிய நிறுத்தங்களில் பலகை வைத்தார்கள், அடுத்த பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று அதில் எழுத்து ஓடும். ஜனங்கள் போனில் பார்த்துவிட்டு வீட்டிலிருந்து கிளம்பினார்கள். எப்போதும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிற ஒரு பெரியவர், திட்டக் காரணம் கிடைக்காமல் வாட்டமாகிப் போனார். இதையெல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன். வேண்டியிருந்த வேலைதான் அது.

ஆனால் என் ஸ்டியரிங் பக்கத்திலும் ஒரு சின்னத் திரையை ஒட்டினார்கள். நேரத்துக்குப் போனால் பச்சை, பிந்தினால் சிவப்பு. மாதக் கடைசியில் டெப்போ சுவரில் பட்டியல் ஒட்டுவார்கள், யார் எவ்வளவு சிவப்பு என்று. முதல் மாதம் என் பெயர் கடைசியிலிருந்து இரண்டாவது. எனக்குக் கீழே இருந்தவன் கால் உடைந்து பாதி மாதம் வராதவன். நேற்று வந்த பையன்கள் எல்லாம் மேலே இருந்தார்கள். கேன்டீனில் ஒருவன், "அண்ணே, உங்க வண்டிக்கு ஹாரனுக்குப் பதிலா மாட்டு மணி கட்டிடலாமா?" என்றான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

நேரம் எங்கே போகிறது என்று பார்த்தேன். சூளையில் போனது. அவளுடைய டிக்கெட் மெஷினில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு பொத்தானை அமுக்கி இடத்தை மாற்ற வேண்டும். அப்புறம் ஒவ்வொரு டிக்கெட்டாக அடிக்க வேண்டும். அது கரகரவென்று யோசித்து யோசித்துத் துப்பும். இருபத்துநான்கு பேருக்கும் அடித்து முடிக்கும்வரை நான் அந்தக் குறுகலான இடத்தில் வண்டியைத் திருப்ப முடியாமல் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பச்சை போய்ச் சிவப்பு வரும்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது நான்தான் சொன்னேன். இதை நன்றாகப் பதிந்துவைக்க வேண்டும், சொன்னது நான்.

"யார் யார் வருவாங்கன்னு உனக்குத்தான் தெரியுமே. மார்க்கெட் சிக்னல்ல சும்மாதானே நிக்கிறோம், அங்கயே அடிச்சு வெச்சிடு. சூளையில கையில குடுத்துட்டா முடிஞ்சுது."

"மெஷின்ல மார்க்கெட்டுன்னு விழும்ணே. சூளைன்னு விழாது."

"ரெண்டுக்கும் ஒரே சார்ஜ்தானே? யாருக்கு என்ன நஷ்டம்?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "நஷ்டம் ஒண்ணும் இல்லதான்" என்றாள்.

மறுநாளிலிருந்து அப்படித்தான். மார்க்கெட் சிக்னலில் இருபத்திரண்டு டிக்கெட் அடித்து, விரல் இடுக்கில் மடித்துச் செருகிவைத்துக்கொள்வாள். சூளையில் வண்டி முழுசாக நிற்பதற்குள் அவர்கள் சில்லறையை நீட்டியபடி ஏறுவார்கள், டிக்கெட் கைமாறும், இரண்டு சீட்டி. யாராவது வராவிட்டால் மிஞ்சுகிற டிக்கெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் ஏறுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவாள். மிஞ்சுவது அபூர்வம், அவள் கணக்கு அவ்வளவு சரி. மதிய நடையிலும் ஆஸ்பத்திரியில் ஏறுகிற எல்லாருக்கும் மார்க்கெட் என்றே அடித்துக் கொடுத்துவிடுவாள். நான் மேலே ஏறினேன். வருடக் கடைசியில் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். டிவிக்கு மேலே மாட்டினேன், வெட்கம் கெட்டவன்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. அப்புறம் ஒரு கூட்டம் போட்டார்கள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து பொறியாளர் ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும், மரியாதையான பேச்சு. சுவரில் நகரத்தின் வரைபடத்தைக் காட்டினார். எங்கெங்கே ஆட்கள் ஏறுகிறார்களோ அங்கெல்லாம் வட்டங்கள். மார்க்கெட்டில் தாம்பாளம் அளவுக்கு ஒன்று. ஆஸ்பத்திரியில் அதைவிடப் பெரிது. சூளையில் ஒன்றும் இல்லை, வெறும் கோடு.

"ரெண்டு வருஷ டேட்டா இது. இங்க யாருமே ஏறல, இறங்கல" என்றார் பொறியாளர். "வண்டியும் நாப்பது செகண்டுக்கு மேல நிக்கல. எப்பவாவது ஒரு நாள் இருபது பேர்னு காட்டுது. மாத்து கண்டக்டர் வந்த நாளுங்க அது, மெஷின்ல இடத்தைத் தப்பா வெச்சிருப்பாங்கன்னு அதைக் கழிச்சிட்டோம். இந்தச் சுத்தை எடுத்துட்டா ஒன்பது நிமிஷம் மிச்சம். அதை வெச்சு மார்க்கெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல கூடுதலா ஒரு நடை விடலாம். எண்பது பேர் தொங்கிட்டுப் போறது குறையும்."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். திரும்பிப் பார்த்தேன். விசில் தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அத்தனை பேரையும் நன்றாகத் தெரிந்திருந்ததால், அத்தனை பேரும் வரைபடத்திலிருந்து காணாமல் போயிருந்தார்கள். எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளும் எழவில்லை, நானும் எழவில்லை.

வராந்தாவில் என் பின்னாலேயே ஓடிவந்தாள். "அண்ணே, அது நம்ம அடிச்ச..."

"பேசாம வா. இப்பதான் சொல்லியிருக்காங்க, நிறுத்தவா போறாங்க? எத்தனை திட்டம் பாத்திருக்கேன் நான்."

பத்தாம் நாள் நிறுத்திவிட்டார்கள். சூளை நிறுத்தத்தின் கம்பத்தில் ஒரு தாளை ஒட்டினார்கள். வண்டி பெரிய சாலையிலேயே நேராகப் போயிற்று. புது நடையில் மார்க்கெட் ஜனங்கள் சௌகரியமாக உட்கார்ந்து போனார்கள், அதையும் சொல்ல வேண்டும். சூளைக்காரர்கள் பெரிய சாலைக்கு நடந்து வந்தார்கள். இரண்டரை கிலோமீட்டர். லாரிகள் உரசிக்கொண்டு போகிற சாலை, ஓரத்தில் நடக்க மண்கூடக் கிடையாது. முதல் வாரம் பதினைந்து பேரைப் பார்த்தேன், மூன்றாவது வாரம் எட்டு. மற்றவர்கள் வேலையை விட்டார்களோ, வேறு வழி பார்த்தார்களோ. விசில் மட்டும் தினமும் ஒவ்வொருவராக விசாரித்து, யார் இன்னும் வருகிறார்கள், யார் வரவில்லை என்று எனக்கு வந்து சொல்வாள். நான் கேட்காமலேயே சொல்வாள். எனக்கு எரிச்சலாக வரும்.

ரேடியோக்காரர் நடந்துதான் வந்தார். மனைவி ஒரு கையைப் பிடித்திருப்பார். வழியில் நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வருவாராம். ஒரு நாள் ஏறியவுடன் மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"டிரைவர் சார், எங்க ஸ்டாப்புக்கு என்ன ஆச்சு? நாங்க என்ன தப்பு பண்ணினோம்?"

"நான் மேல பேசிட்டு இருக்கேன்" என்றேன். யாரிடமும் பேசவில்லை. நாக்கு கூசாமல் வந்தது அந்தப் பொய். "கொஞ்சம் பொறுங்க, வந்துடும்" என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

"நீங்க நல்லா இருக்கணும்" என்றார்.

நாலாவது வாரம் அவருடைய முகம் வீங்கியிருந்தது. கண் இரண்டும் கோடு மாதிரி ஆகிவிட்டன. செருப்பில் கால் நுழையாமல் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். விசில் அந்த அம்மாவிடம் கேட்டாள். "வாரத்துக்கு மூணு தடவை போகணும், ரெண்டுதான் முடியுது. செஞ்சுட்டு வந்த மறுநாள் அவரால எந்திரிக்கவே முடியல, எங்க நடக்கிறது? ஆட்டோவுக்குத் தினம் எங்க போறது? டாக்டர் திட்டுறாரு. இப்படியே விட்டா இதயத்துக்குத் தண்ணி ஏறிடுமாம்" என்று அந்த அம்மா சொன்னது எனக்கும் கேட்டது. என் சீட்டுக்குப் பின்னால்தானே. அன்றைக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் விசிலிடமிருந்து சீட்டியே வரவில்லை. கையால் பலகையைத் தட்டித் தட்டித்தான் வண்டியை எடுக்கச் சொன்னாள்.

நடை முடிந்து கேன்டீனுக்கு வந்தோம். அவள் டீயைத் தொடவில்லை.

"அண்ணே, நான் போய்ச் சொல்லிடப் போறேன்."

"என்னன்னு சொல்லுவே? ரெண்டு வருஷமா தினம் தப்பு டிக்கெட் அடிச்சேன்னா? உனக்குப் பைத்தியமா? அது எவ்வளவு பெரிய கேஸ் தெரியுமா? காசு எதையும் தொடலைன்னு நீ சத்தியம் பண்ணினாலும் எவன் நம்புவான்?"

"நம்பாட்டிப் போறாங்க. அந்த மனுஷன் செத்துடுவாருண்ணே."

"பெட்டிஷன் எழுதச் சொல்லலாம். ஊரே சேந்து எழுதினா..."

"எழுதிட்டாங்க. போன வாரமே குடுத்தாங்க. உங்க ஸ்டாப்ல ஆளே இல்லைன்னு டேட்டா சொல்லுதுன்னு பதில் வந்திருக்கு. நாம சொன்னாத்தான் உண்டு."

நாம என்றுதான் சொன்னாள். ஓய்வுக்கு இன்னும் பதினொரு மாதம் இருந்தது. விசாரணை நிலுவையில் இருந்தால் ஓய்வூதியத்தை நிறுத்திவைப்பார்கள், எத்தனையோ பேருக்கு அப்படி ஆகிப் பார்த்திருக்கிறேன். நான் மேஜையில் இருந்த தண்ணீர்ச் சொட்டை விரலால் இழுத்துக்கொண்டிருந்தேன். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள்.

அப்புறம் அவளே சொன்னாள். "நீங்க வர வேண்டாம்ணே. மெஷின் என் கையிலதானே இருந்துச்சு."

அந்த நொடியில் எனக்கு என்ன வந்தது என்று மறைக்காமல் எழுதுகிறேன். நிம்மதி வந்தது. கல்லடைத்த குழாய் திறந்துகொண்டது போல ஒரு மூச்சு. "பாத்துப் பேசும்மா" என்றேன். எனக்கு வாய்த்த வீரம் அவ்வளவுதான்.

பொறியாளரிடம் அவள் தனியாகத்தான் போனாள். அவர் முதலில் நம்பவில்லையாம். அவள் ஒரு தாளை வாங்கி, சூளையில் ஏறுகிற இருபத்துநான்கு பேரையும் வரிசையாக எழுதினாள்: எந்த வீடு, என்ன வேலை, எந்தக் கிழமை வர மாட்டார்கள் என்று. அவர் அதை எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் தானே சூளைக்குப் போய் வீடு வீடாக விசாரித்தார். திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து, "அப்ப இதே மாதிரி இன்னும் எத்தனை இடத்துல ஆகியிருக்கும்?" என்று கேட்டாராம். அவளைத் திட்டவில்லை, கத்தவில்லை. நகரம் முழுக்க ஒரு வாரம் ஆட்களை நிறுத்தித் தலை எண்ணச் சொல்லி எழுதினார். ஆனால் ஏன் எண்ண வேண்டும் என்ற காரணத்தையும் எழுதத்தானே வேண்டும். கண்டக்டர் மேல் விசாரணை வந்தது.

விசாரணை அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளை முதலில் கூப்பிட்டார்கள். கதவு சரியாக மூடாத அறை, வெளியே பெஞ்சில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"டிரைவருக்கு இது தெரியுமா?"

"தெரியாது சார். அவர் ரோட்டைப் பாத்து ஓட்டுறவரு. பின்னாடி என்ன நடக்குதுன்னு அவருக்குத் தெரியாது."

"இந்த யோசனை யாரோடது?"

"என்னோடதுதான் சார்."

அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே போகும்போது அவள் வெளியே வந்தாள். கண்ணால் ஒரு ஜாடை காட்டினாள், பயப்படாதீங்க என்று. எனக்குத் தைரியம் சொல்கிறாள். ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். சாலையைக் கவனித்து வண்டி ஓட்டுவது மட்டுமே என் வேலை என்றும், டிக்கெட் சம்பந்தப்பட்ட எதுவும் எனக்குத் தெரியாது என்றும் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கியிருக்க வேண்டும். நடுங்கவில்லை. என் கையெழுத்து அன்றைக்கு எப்போதையும்விட நன்றாக விழுந்தது.

அவளைத் தற்காலிகமாக வேலை நீக்கம் செய்தார்கள். வீட்டில் என் மனைவி சாப்பாடு போட்டபடி, "அந்தப் பொண்ணு மட்டும் எப்படி மாட்டுச்சு? நீங்களும் ஒரே வண்டிதானே?" என்று கேட்டாள். "டிக்கெட் விஷயம் உனக்குப் புரியாது" என்று எரிந்து விழுந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். முப்பது வருடம் கூட இருந்தவளுக்கு என்ன புரியாமல் போகும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு விசில் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் அவள் கணவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று படியேறும்போதுகூட மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவர் நாற்காலியில் பிரித்து வைத்திருந்த மிக்ஸியை ஒதுக்கிவைத்து எனக்கு இடம் கொடுத்தார். வீட்டில் இருந்த ஒரே நாற்காலி அது. மகள், "மாமா, டீயா காபியா?" என்று கேட்டாள்.

"நீங்க ஒருத்தர்தாங்க வந்து பாத்தீங்க" என்றார் கணவர். "டெப்போவுல இருந்து வேற யாரும் எட்டிக்கூடப் பாக்கல. இவ ஏன் இப்படிப் பண்ணினான்னு எனக்கே விளங்கல. கேட்டா, சுலபமா இருந்துச்சு பண்ணினேங்கிறா. அவ்வளவு சோம்பேறியா இவ?"

விசில் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். சீருடை இல்லாமல் பார்த்தால் இன்னும் குள்ளமாகத் தெரிந்தாள். நான் வாயைத் திறந்தேன். மகள் டீயைக் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். மழை வருமா, படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டேன். சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு, அரை மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டேன். படியில் இறங்கும்போது அவள் மேலிருந்து, "அண்ணே, ரேடியோக்காரர் வர்றாரா?" என்று கேட்டாள். "ரெண்டு நாளாப் பாக்கல" என்றேன். அது மட்டும் உண்மை.

தலை எண்ணி முடித்த இரண்டாவது வாரம் சூளைச் சுற்று திரும்ப வந்தது. இந்த முறை சின்ன வண்டி. மார்க்கெட்டின் கூடுதல் நடையையும் எடுக்காமல் பொறியாளர் எப்படியோ நேரத்தைப் பொருத்தியிருந்தார். நிறுத்தத்தில் புதுத் தாள் ஒட்டினார்கள். எண்ண வந்தவர்கள் சூளையில் விஷயத்தையும் சொல்லியிருந்தார்கள்: கண்டக்டர் டிக்கெட்டில் இடத்தை மாற்றி அடித்ததால்தான் உங்கள் பஸ் நின்றது என்று.

முதல் நாள் காலை வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய், இரண்டு வருடமாக இல்லாத வழக்கமாகக் கைபிரேக் போட்டு நிறுத்தினேன். கூட்டம் நின்றது. ரேடியோக்காரர் இருந்தார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்து, ஏறிய தண்ணீரை இறக்கி அனுப்பியிருந்தார்களாம். வீக்கம் வற்றி, முகத்தில் தோல் தொங்கியது. அவருக்குப் பின்னால், வரிசையின் கடைசியில், சாதாரண உடுப்பில் விசில் நின்றாள். வண்டி நிஜமாகவே வருகிறதா என்று பார்க்க வந்திருக்கிறாள். முதல் பஸ்ஸைப் பிடித்து அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்க வேண்டும். யாரும் அவளோடு பேசவில்லை. அவளைச் சுற்றி ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு நின்றிருந்தார்கள்.

எல்லாரும் ஏறினார்கள். அவளும் ஏறிப் புதுக் கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கினாள். சூளை என்று அச்சடித்த டிக்கெட். உள்ளே இடம் இருந்தது, ஆனால் அவள் உட்காரப் போன சீட்டில் ஒரு வார்டு ஆயா தன் பையை வைத்தாள். "இந்தம்மாவாலதான் எனக்கு ஒரு மாசச் சம்பளம் போச்சு" என்றாள், பக்கத்திலிருப்பவளிடம் சொல்வது போல, பஸ் முழுக்கக் கேட்கும்படி.

"ஆமாம்மா, என் தப்புதான்" என்றாள் விசில். நடுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ரேடியோக்காரர் என் பின்னால் உட்காராமல், கம்பியைப் பிடித்தபடி என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கையில் ஊசி குத்திய இடமெல்லாம் கறுத்திருந்தது.

"டிரைவர் சார், மேல பேசிட்டு இருக்கேன்னு சொன்னீங்க. நான்கூட நம்பல. சும்மா ஆறுதலுக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன். நீங்க பேசலேன்னா நான் போயிருப்பேன் சார்" என்று சொல்லி, என் தோளைத் தொட்டார். பின்னாலிருந்த நாலைந்து பேர் கும்பிட்டார்கள்.

கண்ணாடியில் பார்த்தேன். இருபது தலைகளுக்கு நடுவில் அவள் முகம் தெரிந்தது. அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன் அவரிடம். "என் கடமையைத்தானே செஞ்சேன். போய் உக்காருங்க."